ஸ்டேஷன்ல இருக்கேன்

"பல்வலிக்கெல்லாம் வண்டி வராதுங்க" என்று நான்காம் தடவையாகச் சொன்னாள் ஏழாம் சீட். மறுமுனையில் இருந்தவர் விடுவதாக இல்லை.

"வலி உயிர் போகுதும்மா. உயிர் போனாத்தான் வருவீங்களா?"

"பக்கத்துல பல் டாக்டர் யாராவது இருக்காங்களான்னு பாருங்க. அதுவரைக்கும் உப்புத் தண்ணியில வாய் கொப்புளிங்க."

"உப்பும் பார்த்தாச்சு, கிராம்பும் பார்த்தாச்சு. நீங்க வண்டியை அனுப்புங்க."

அழைத்தவர் வைக்கும்வரை இவர்கள் வைக்கக் கூடாது என்பது அந்த அறையின் விதி. பல்வலிக்காரர் தன் கடைவாய்ப் பல்லின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்து, அரசாங்கத்தைத் திட்டி, கடைசியில் இவளையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வைத்தார். மணி ஒன்று நாற்பத்தைந்து. அப்போது அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குக் காரணமும் இல்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு மேசைகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழப்பம் வரும் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்து வைத்ததில், எல்லோரும் எண்களாகிவிட்டார்கள். ஒன்பது வருடமாக அவள் ஏழாம் சீட். கைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு இருபதுக்குத் தேநீர் இடைவேளை. கைபேசியை எடுத்தாள். அப்பாவிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். ஒன்று முப்பத்தெட்டு, ஒன்று நாற்பத்தொன்று, ஒன்று நாற்பத்துநான்கு. அதற்கடுத்து ஒரு குரல் செய்தி.

அப்பா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. மற்ற நேரத்திலும் அதிகம் கூப்பிடுகிறவர் இல்லை.

"அம்மாடி... ஸ்டேஷன்ல இருக்கேன். கொஞ்சம் நெஞ்சு... அடைக்கிற மாதிரி இருக்கு. வாயுவா இருக்கும். நீ வேலையில... இருப்ப. பதற வேண்டாம். முடிச்சிட்டு..."

எதுவோ கல்லில் மோதும் சத்தம். செய்தி அதோடு நின்றுவிட்டது.

திரும்ப அழைத்தாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. செய்தியை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை மகளாகக் கேட்கவில்லை, ஏழாம் சீட்டாகக் கேட்டாள். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல், மூன்று சொல். குரலில் வியர்வை இருந்தது. வியர்வை குரலில் தெரியும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். வாயு இல்லை இது.

விதியைப் பார்க்காமல் கைபேசியோடு உள்ளே ஓடினாள். சூப்பர்வைசர் பாதி பன்னைக் கையில் வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் அதை மேசையில் வைத்தார்.

"மெயின் ஸ்டேஷனா? எட்டாம் வண்டி அங்க வாசல்லயே நிக்குது. இப்பவே உள்ள அனுப்புறேன்."

"இல்ல சார். ஓடுற ஸ்டேஷன் இல்ல."

"பின்ன?"

"மூடிப்போன ஸ்டேஷன். சுத்து லைன்ல ஏதோ ஒண்ணு."

நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஆலைகளுக்குக் கரியும் ஆட்களும் கொண்டுபோன பாதை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அதை நிறுத்தினார்கள். தண்டவாளம் சில இடங்களில் தார்ச் சாலைக்கு அடியில் போய்விட்டது, சில இடங்களில் திருட்டுப் போய்விட்டது, மிச்ச இடங்களில் புல்லுக்குள் கிடக்கிறது. பதினோரு ஸ்டேஷன்கள். வரைபடத்திலிருந்து அவற்றின் பெயர்களைக்கூட எடுத்துவிட்டார்கள்.

அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக நடந்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு உட்கார வரவில்லை. முதலில் தெருவைச் சுற்றினார், பிறகு பூங்காவைச் சுற்றினார், பிறகு ஒருநாள் சுற்றுப் பாதையில் போய் நின்றார். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் அங்கேதான். மூடிப்போன ஸ்டேஷனில் என்ன மிச்சமிருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். கூரை உண்டா, மணி உண்டா, எத்தனை பெஞ்சு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில். எதற்கு என்று கேட்டால், "வேலையில இருந்தப்ப வீட்டுக்கு வீடு நாய் துரத்தும். பில்லு ஏன் இவ்வளவு வந்துச்சுன்னு ஆள் துரத்துவான். இங்க ரெண்டும் இல்ல" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவளைக் கேட்டார்: "ஒருநாள் வாயேன், இப்ப ஒரு ஸ்டேஷன் பார்த்துட்டிருக்கேன். பார்த்தா அசந்துடுவ."

"பாழடைஞ்ச கட்டடத்துல அசர்றதுக்கு என்னப்பா இருக்கு? பாம்பு கடிச்சா அங்க எந்த வண்டியும் வராது, சொல்லிட்டேன்" என்றாள் அவள், தட்டிலிருந்து நிமிராமலே. அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"டவர் வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா சார்?"

"போலீஸ் மூலமாத்தான். ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார் சூப்பர்வைசர். "நம்ம நம்பருக்குப் பண்ணியிருந்தா இடம் திரையிலயே வந்திருக்கும்."

நம்ம நம்பருக்குப் பண்ணியிருந்தால். அப்பா அவளுடைய நம்பருக்குப் பண்ணியிருந்தார்.

ஒலிபெருக்கியைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அம்மா.

"அப்பா இன்னைக்கு எந்த ஸ்டேஷன் போனாரும்மா?"

"அதெல்லாம் எங்கிட்ட யார் சொல்றா? ஒன்பது மணிக்கு டப்பாவைத் தூக்கிட்டுப் போனாரு. ஏன், என்ன ஆச்சு?"

"நெஞ்சு வலின்னு ஃபோன் பண்ணியிருக்காரு. எந்தப் பக்கம்னு ஏதாவது தெரியுமா? பேசும்போது சொன்னாரா? யோசிம்மா."

அம்மா பதறுவாள் என்று எதிர்பார்த்தாள். பதில் வர மூன்று நொடியானது, அவ்வளவுதான்.

"பேச்சுல எங்க சொல்லுவாரு, துணியிலதான் தெரியும். போன மாசம் பூரா பேன்ட்ல செம்மண்ணு. இந்த ரெண்டு வாரமா கரி. ரெண்டு தண்ணி அலசினாலும் போகாத கரி. அப்புறம் சட்டையில சோப்பு வாசனை."

"துவைச்ச சட்டையில சோப்பு வாசனை வராம?"

"துவைக்கிறதுக்கு முன்னாடிடி. கழட்டிப் போடும்போதே சோப்பு வாசனை அடிக்குது. யார் வீட்டுல குளிச்சிட்டு வர்றீங்கன்னு கேட்டேன். சிரிக்கிறாரு."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எட்டாம் சீட் அதற்குள் திரையில் தட்டிவிட்டாள். நகரத்தில் சோப்பு ஆலை ஒன்றே ஒன்று, கிழக்கு ஓரத்தில். வரைபடத்தில் அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறம். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு மாற்றினாள். சாம்பல் நிறம் நீளமான புதராக மாறியது. புதருக்கு நடுவே கரிக் குவியல் போட்ட பழைய களம், அதையொட்டி நீண்ட ஒரு கூரை.

"பக்கத்துல யாரு?"

"பதினாலாம் வண்டி. ஒன்பது கிலோமீட்டர்."

"அனுப்பு" என்று சூப்பர்வைசர் சொல்லி முடிக்கும் முன்னால் அனுப்பியிருந்தாள். அவர் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஏழாம் சீட்டின் கையில் திணித்தார். "பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்கும். பார்த்துப் போ."

அம்மா தெருமுனையில் நின்றிருந்தாள். ஒரு கையில் மாத்திரைப் பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். வீட்டைப் பூட்டினாயா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"உனக்கா பண்ணாரு?"

"ஆமா."

"எனக்குப் பண்ணலை."

சொன்னது குறையாகவா, ஆறுதலாகவா என்று தெரியவில்லை. சிக்னல் பச்சைக்கு மாறியது.

சோப்பு ஆலை நெருங்கும்போது காதில் மாட்டியிருந்த கருவியில் பதினாலாம் வண்டியின் டிரைவர் வந்தார். ஒன்பது வருடமாக அந்தக் குரலை அவளுக்குத் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை.

"ஏழாம் சீட், நான் ஆலைக்குப் பின்பக்கம் வந்துட்டேன். இங்க சுவர்தான் இருக்கு. வழின்னு ஒண்ணும் இல்ல."

"சுவரை ஒட்டியே போங்கண்ணே. எங்கயாவது இடிஞ்சிருக்கும்."

"எந்தப் பக்கம் போக?"

அம்மா அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "போன வாரம் முழங்கால் கிழிஞ்சு வந்தாரு. முள்ளுக்கம்பி மாட்டிக்கிச்சுன்னு சொன்னாரு."

"கம்பிவேலி தெரியுதாண்ணே எங்கயாவது?"

சற்று நேரம் இன்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது. "தெரியுது. வலது கோடியில. சுவர் விழுந்து கம்பி கட்டியிருக்கான். வண்டி உள்ள போகாது. ஆள் போகலாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் கம்பியைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளமானவர். உடன் வந்த நர்ஸ், நாற்பது வயது இருக்கும், ஸ்ட்ரெச்சரை ஏற்கெனவே உள்ளே தள்ளியிருந்தாள். யாரும் யாரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை.

பாதை நேராகப் போனது. தண்டவாளக் கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் எட்டுக்குக் குறைவு, ஒரு கட்டையைத் தாண்டி வைத்தால் ஓர் எட்டுக்கு அதிகம். கட்டையில் வைத்த கால் அடுத்த எட்டில் ஜல்லியில் இறங்கியது. அம்மா ஒரு தடவை தடுமாறினாள். பிடிக்கப் போனவளை, "நீ முன்னால போ" என்று தள்ளினாள். புல்லுக்கு மேலே சோப்பு வாசனை கெட்டியாக நின்றது. காலுக்கடியில் கரி நொறுங்கியது.

தூரத்தில் நடைமேடை தெரிந்தது. அதன் விளிம்பில் ஒரு பெண் நின்று இரண்டு கைகளையும் வீசினாள்.

"இங்க! இங்க வாங்க! மீட்டர் ஐயா இங்க இருக்காரு!"

ஐம்பது வயது இருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். பின்னால் காலி பாட்டில் மூட்டைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தன. அவர்களை அழைத்துக்கொண்டு ஓடியபடியே மூச்சிரைக்கப் பேசினாள்.

"எங்கிட்ட ஃபோன் கிடையாதும்மா. அவரோடது பேசும்போதே கைதவறி விழுந்து உடைஞ்சிடுச்சு. ரோட்டுக்கு ரெண்டு தடவை ஓடினேன். கை காட்டினேன். என் கோலத்தைப் பார்த்துட்டு ஒருத்தனும் நிறுத்தலை. அவரைத் தனியா விட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? திரும்பி வந்துட்டேன்."

பயணிகள் கூடத்தில் கோணியை விரித்து அப்பாவைப் படுக்க வைத்திருந்தாள். தலைக்கு அடியில் அவருடைய சாப்பாட்டுப் பை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நீலம். ஆனால் கண் திறந்திருந்தது. அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

"வேலை... முடிஞ்சிடுச்சா?"

எட்டு மணிவரை அவளுக்கு வேலை.

"முடிஞ்சிடுச்சுப்பா."

நர்ஸ் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள், மூக்கில் ஆக்சிஜன் மாட்டினாள். இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தாள். அந்தக் காகிதத்தை ஏழாம் சீட்டுக்குக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தூக்கலாம்" என்றாள்.

அப்பாவின் கண் அம்மாவிடம் போனது.

"நீ எதுக்கு... வெயில்ல வந்த?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் அம்மா.

பதில் இருப்பதுபோல் அவர் உதடு மட்டும் அசைந்தது.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஜல்லியில் உருளாது. நான்கு முனைக்கு நான்கு பேர் வேண்டும். டிரைவரும் நர்ஸும் கால்பக்கம். தலைப்பக்கம் இடது மூலையில் அவள். வலது மூலையை யாரும் கேட்காமலே மூட்டைக்காரப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"என்னை ஸ்டேஷன் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாரு" என்றாள் நடந்துகொண்டே, ஏதாவது பேசினால் எடை குறையும் என்பதுபோல. "முதல்நாள் வந்தப்ப உள்ள வரலாமான்னு எங்கிட்ட அனுமதி கேட்டாரு. எங்கிட்ட யாருங்க அனுமதி கேக்குறா?"

அம்மா பின்னால் வந்தாள். அப்பாவின் செருப்பு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கட்டைக்கும் ஜல்லிக்குமாக ஸ்ட்ரெச்சர் ஏறி இறங்கியது. நான்கு பேரின் கால்களும் ஒரே தாளத்துக்கு வரவில்லை. ஏழாம் சீட் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்பாவின் கழுத்தில் ஓரிடம் துடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டுமே பார்த்தாள். ஸ்டேஷன் பின்னால் போய்விட்டது, சுவர் இன்னும் தூரத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், புல்கூட இல்லாத வெட்டவெளியில், அந்தத் துடிப்பைக் காணவில்லை.

"கீழ வைங்க" என்றாள்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். நர்ஸ் மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த எண்ணிக்கையை ஏழாம் சீட் ஒன்பது வருடமாகத் தொலைபேசியில் எண்ணியிருக்கிறாள். முகம் தெரியாத மகன்களுக்கும் மனைவிகளுக்கும், "என்னோட சேர்ந்து எண்ணுங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு நெஞ்சு உள்ளங்கைக்கு அடியில் இப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நர்ஸின் கை ஓய்ந்தபோது அவள் மாறிக்கொண்டாள். அவள் ஓய்ந்தபோது டிரைவர். மறுபடி நர்ஸ். இரண்டு தடவை மின்னதிர்ச்சி கொடுக்க முடியுமா என்று இயந்திரத்தைப் பார்த்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்றது. புதிதாக வந்த காகிதத்தைப் படமெடுத்துக் கட்டுப்பாட்டு அறை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, தள்ளி நின்று மெல்லிய குரலில் ஏதோ பேசிவிட்டு வந்தாள் நர்ஸ். வந்தவள் மீண்டும் மண்டியிட்டாள்.

அம்மா செருப்புகளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

மறுபடி ஏழாம் சீட்டின் முறை வந்தபோது டிரைவரின் தொலைபேசி அடித்தது. அவர் அதை ஜல்லியில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பதினாலு, நிலைமை என்ன?" சூப்பர்வைசர் குரல்.

"சி.பி.ஆர். போயிட்டிருக்கு சார். இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

"சரி" என்றார் அவர். வைக்கவில்லை.

வைக்காத அந்த ஃபோனில் கட்டுப்பாட்டு அறை கேட்டது. விசைப்பலகைச் சத்தம், மின்விசிறி, அதற்கு நடுவே எட்டாம் சீட்டின் குரல். "எத்தனாவது மாசம்?... ரத்தம் எவ்வளவு நேரமாப் போகுது?... இல்லம்மா, நடக்க வைக்காதீங்க. இடது பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க. பயப்படாதீங்க. வண்டி வந்துட்டே இருக்கு."

வண்டி வந்துட்டே இருக்கு. எந்த வண்டியும் கிளம்பாத நேரத்திலும் சொல்ல வேண்டிய வாசகம் அது. எட்டாம் சீட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்.

"எங்க சார் அது?" அழுத்துவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ அதைக் கேட்காத. நீ உன் வேலையைப் பாரு."

"எங்க சார்?"

"...செங்கல் சூளை ரோடு."

இங்கிருந்து ஆறு நிமிடம். அடுத்த வண்டி எது என்று அவள் கேட்க வேண்டியதில்லை. இந்நேரம் இருபத்திரண்டாம் வண்டி ஊரின் அந்தக் கோடியில் இருக்கும். நாற்பது நிமிடம். பத்தொன்பதாம் வண்டி பழுது பார்க்கப் போயிருக்கிறது. காலையில் அவளே பலகையில் எழுதியது.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கைகளைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டர் பத்து நிமிஷம் முன்னாடியே நிறுத்தச் சொல்லிட்டாரும்மா. நாங்கதான்... உங்க அப்பான்னு..." மேற்கொண்டு சொல்லவில்லை. பிறகு வேகமாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆஸ்பத்திரி வரைக்கும் பண்ணிக்கிட்டே போயிடலாம். ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நான் பார்த்துக்கிறேன்."

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள்.

தொலைபேசிக்குள் எட்டாம் சீட் திரும்பவும் சொன்னாள்: "வந்துட்டே இருக்கும்மா. லைன்லயே இருங்க."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

முப்பதில் அவள் கை அப்பாவின் நெஞ்சிலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"பதினாலு ஃப்ரீ சார்" என்றாள்.

மறுமுனையில் சூப்பர்வைசர் மூச்சை இழுப்பது கேட்டது. "ஏழாம் சீட்..." என்றார். பிறகு, "சரிம்மா. விலாசம் வண்டிக்கு வரும்" என்று வைத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டாள் அம்மா.

அவள் எழுந்தாள். முழங்காலில் ஜல்லி பதிந்திருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அம்மா அதிக நேரம் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள்.

டிரைவர் நகராமல் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "எப்படிம்மா... இப்படி நடு லைன்ல இறக்கிப் போட்டுட்டு? என்னால முடியாது. பெரியவரைக் கொண்டுபோய் விட்டுட்டே போறேன். பத்து நிமிஷம்தானே."

"அண்ணே, ஸ்ட்ரெச்சர் வேணும் அவங்களுக்கு."

"முடியாதும்மா."

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"யாரோ ஒரு பொண்ணும்மா. மாசமா இருக்கா. ரத்தம் போகுதாம்."

அம்மா டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் ஏன்பா நிக்கிறீங்க?" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஓடுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் எப்போது ஓடினாள் என்று தெரியவில்லை. மூட்டைகளை மூடி வைத்திருந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்து, உதறி, சுத்தமான பக்கம் மேலே வரும்படி தண்டவாளங்களுக்கு நடுவே விரித்தாள். எல்லோருமாக அப்பாவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். நர்ஸ் வயர்களை எடுத்தாள். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பிறகு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவளும் மறுமுனையை டிரைவரும் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி ஓடினார்கள். அந்தக் கட்டைகளில் ஓடுவது எளிதில்லை. ஒரு தடவை டிரைவர் விழப்பார்த்து எழுந்தார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சைரன் கிளம்பியது.

ஏழாம் சீட் அமரர் ஊர்திக்கு ஃபோன் செய்தாள், வர ஒன்றரை மணி நேரமாகும் என்றான் எடுத்தவன். வழி சொல்ல வேண்டியிருந்தது. சோப்பு ஆலை, பின்பக்கச் சுவர், வலது கோடி, கம்பிவேலி என்று சொன்னாள். எந்த இடம் என்று எழுதிக்கொள்ள என்று கேட்டான் அந்த ஆள். அவள் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் ஊர்ப்பெயர் ஒன்றைச் சொன்னாள், இவள் அதையே ஃபோனில் சொன்னாள். அப்படி ஓர் ஊர் தன் பட்டியலில் இல்லையே என்றான் அவன். "எழுதிக்குங்க" என்றாள்.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் வேறு ஊரில், ஏதோ கூட்டத்தில் இருந்தான். கேட்டதும் முதலில் கோபப்பட்டான். "அங்க எதுக்குப் போனாரு? நீயெல்லாம் பக்கத்துல இருந்தும் என்ன பண்ணிட்டிருந்த?" அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் வைக்கும்வரை அவள் வைக்கவில்லை. கடைசியில் அவன் குரல் உடைந்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்டான்.

வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. பக்கத்தில் மரம் கிடையாது, கூரை தூரத்தில். வெளிச்சம் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போடப் போனாள்.

"மூட வேண்டாம்மா" என்றாள் அம்மா. "அவருக்கு மூச்சு முட்டும்."

ஸ்டேஷன் மாஸ்டர் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

அம்மா செருப்புகளைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து, இரண்டு எட்டு நடந்து, மேற்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் ஜல்லியின் மேல் நீண்டு, தண்டவாளத்தில் ஏறி இறங்கி, அப்பாவின் முகத்தில் பாதியை மூடியது. ஏழாம் சீட் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். சற்றுத் தயங்கி, ஸ்டேஷன் மாஸ்டரும் வந்து அம்மாவின் மறுபக்கம் நின்றாள். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. சூரியன் நகர நகர, கேட்காமலே ஆளுக்கு ஓர் அடி நகர்ந்துகொண்டார்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். சுவருக்கு அப்பால், செங்கல் சூளைப் பக்கமிருந்து, சைரன் திரும்பி வந்தது. நெருங்கி வந்து, ஆலையைச் சுற்றி, நகரத்தை நோக்கிப் போனது. அம்மா தலையைத் திருப்பி, உடம்பையும் திருப்பி, அது போகும் திசையைப் பார்த்தபடி நின்றாள். சத்தம் மெலிந்தது. ஒரு லாரியின் இரைச்சலில் கலந்தது. பிறகு கேட்கவில்லை.

அப்போதுதான் அம்மா கீழே பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் வெயில் விழுந்திருந்தது. சட்டென்று அரை அடி தள்ளி நின்றாள்.